அறுபதில் ஒரு தப்பு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. இந்த அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று வாசல் காவலாளி சொன்னது.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த பெண்ணுக்கு ஒருநாள் தகுதிச் சோதனை. அறுபது வண்ணத்துப்பூச்சிகளுக்கு இனம் பார்த்துப் பெயர்ச்சீட்டு வைத்திருந்தாள். எல்லாம் ஒரே ஆரஞ்சு நிறம். பின்னிறகின் நடுவே மூன்று நான்கு கரும்புள்ளி இருந்தால் ஓர் இனம். ஒரே புள்ளி என்றால், அதைப்போல் வேஷம் போட்ட வேறு இனம். மூன்று தப்புக்கு மேல் போனால் வேலை போய்விடும்.

சோதனையன்று காலையில் அவள் உள்ளே வந்தால், அந்த அறுபதும் இருந்த பெட்டி திறந்திருக்கிறது. பூச்சிகளை ஊசியில் குத்திப் பதப்படுத்தும் 'ஊசி அண்ணன்' இடுக்கியால் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"என்னண்ணே பண்றீங்க?"

சீட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். "ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லையா? சீட்டையெல்லாம் மாத்துறீங்க! மேடம், இங்க வந்து பாருங்க!"

பொறுப்பாளர் ஓடி வந்தார். "உங்க மச்சான் பையனுக்கு இந்த வேலை கிடைக்கலைன்னு இப்படியா வயித்தெரிச்சல்?"

ஊசி அண்ணன் இடுக்கியைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எதெதை மாத்தினாரும்மா?"

"அறுபதும் எனக்கு மனப்பாடமா மேடம்? முதல்லேர்ந்து பாக்கணும்."

"நேரமில்ல. நிபுணர் படியேறிட்டார்."

நிபுணர் முக்கால் மணி நேரம் லென்ஸ் வைத்துப் புள்ளி எண்ணினார். "அறுபதுல ஒண்ணுதான் தப்பு. பாஸ்."

"அந்த ஒண்ணும் இவர் கைவரிசைதான் சார்," என்றாள்.

மாலையே ஊசி அண்ணனைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

"ஜன்னல்கூட இல்லாத ரூம். கேட்டா, 'வெயில் படாது, பூச்சிக்கு நல்லது'ன்னு சிரிக்கிறாரு. கொஞ்சமாவது வெக்கம் வேணாம்?" என்றார் காவலாளி.

அவள் இப்போது பதவி உயர்ந்து மாடிக்குப் போய்விட்டாள். அவளுடைய மேஜை எனக்கு. போன வாரம் இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது, எந்தப் பூச்சிக்கு எந்தப் பெயர் என்று சோதனைக்கு முந்தின நாள் அவள் எண் வாரியாக எழுதிய பட்டியல் கிடைத்தது. அந்தப் பெட்டி இன்னும் கலையாமல் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு புள்ளிகளை எண்ணினேன். சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் எண்ணினேன்.

பட்டியலில் பன்னிரண்டு தப்பு. அவற்றில் பதினொன்று பெட்டியில் சரியாக இருக்கின்றன. தப்பாகவே நின்றது, அவரை மாற்றவிடாமல் அவள் தடுத்த ஒன்று மட்டும்தான்.