இன்னொரு தடவை

நாற்பது தடவை பாடவைத்தும் திருப்தியில்லாமல் பாடகன் லானியை இசைக்குழுவிலிருந்து துரத்தியவன் குழுத் தலைவன் ஹாலிஸ். அடுத்த வாரமே லானி காரோடு ஆற்றில் விழுந்து செத்தான். ஆல்பம் வேலை தலைக்கு மேல் கிடந்ததால் மெம்ஃபிஸ் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து யாரும் அடக்கத்துக்குப் போகவில்லை.

"அவன் குரலை அழிச்சிடு மெர்ல். நானே பாடிக்கிறேன்" என்றான் ஹாலிஸ்.

ஒலிப்பதிவாளர் மெர்ல் அழித்தார். ஒலிநாடாவை ஓட்டினால் லானி பாடினான். மறுபடி அழித்தார். மறுபடியும் பாடினான், இந்தமுறை சுருதி கொஞ்சம் சுத்தமாக.

"குடிச்சிருக்கியாய்யா?"

"நீயே அழிச்சுப் பாரு."

ஹாலிஸே அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தான். லானி இவ்வளவு அழகாகப் பாடி அவன் கேட்டதே இல்லை. பாட்டு முடிந்ததும், எப்போதும்போலத் தயங்கித் தயங்கி அந்தக் குரல் கேட்டது:

"இப்பவாச்சும் சரியா வந்துச்சா ஹாலிஸ்?"

பழக்கதோஷம். "இன்னொரு தடவை" என்றான் ஹாலிஸ்.

நாடா தானாகப் பின்னோக்கிச் சுழன்றது.