குடியிருப்பவர் பெயர்

"குடியிருக்கிறவர் பேர் என்னம்மா?"

ஆடிட்டர் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"தெரியாது சார்" என்றாள் அவள். "பேங்க்ல வேலை பாக்கிறவர்னு தம்பி சொன்னான். நல்ல மனுஷனாம்."

"நாலு வருஷமா வாடகை வாங்குறீங்க. பேர் தெரியாது."

"வீட்டைத் தம்பிதான் பாத்துக்கிறான். ஒண்ணாம் தேதியானா டாண்ணு பணம் வந்துடும்."

சலவைக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் ஆடிட்டரின் அலுவலகம். கீழே இயந்திரம் வேகமெடுக்கும்போதெல்லாம் தரை லேசாக அதிர்ந்தது. வாடகைக்கு ஆதாரம் கேட்டு வந்த வரித்துறைக் கடிதத்தை அவள் மடித்து மடித்தே நைய வைத்திருந்தாள். கணவர் இறந்த பிறகும் பிழைக்க வந்த நாட்டிலேயே தங்கி, மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் கழுவி இரண்டு பெண்களைப் படிக்க வைப்பவள்.

"நாலு வருஷமா கட்டிட்டுதான் இருக்கேன். ஆனா ஊர்ல இருக்கிற வீட்டுக்கு இந்த நாட்டுக்காரங்களுக்கு எதுக்கு சார் வரி? செங்கல் அங்கதானே இருக்கு?"

"செங்கல் அங்க. நீங்க இங்க. வரி ஆளைத் தேடித்தான் வரும். எந்த நாட்டு வாடகையா இருந்தாலும் இங்க காட்டியாகணும். அங்க வரி கட்டியிருந்தா அதைக் கழிச்சுக்குவாங்க. ரிப்பேர் செலவையும் கழிக்கலாம். ரசீது இருக்கா?"

"ரிப்பேரே வந்ததில்லை சார்."

"நாலு வருஷத்துல ஒரு குழாய்கூட ஒழுகலையா?"

"தம்பி ஒண்ணும் சொல்லலையே."

'ரிப்பேர்: இல்லை' என்று ஆடிட்டர் எழுதினார். "வீடுன்னா இப்படி இருக்கணும்."

வாடகை ஒப்பந்தமும் கையில் இல்லை என்றதும் பேனாவை மூடி வைத்தார். வங்கிக் கணக்குத் தாளை அவள் பக்கம் திருப்பினார்.

"தப்பா நினைக்காதீங்க. பணம் பூரா உங்க தம்பி கணக்குலேர்ந்துதான் வருது. குடியிருக்கிறவர் அவர்கிட்ட எவ்வளவு கொடுக்கிறார்னு உங்களுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வி அவளுக்குப் புதிதில்லை. வீட்டை ஒருமுறை வீடியோவில் காட்டு என்று கேட்டபோதெல்லாம் தம்பிக்குச் சிக்னல் கிடைக்காமல் போயிருக்கிறது.

அங்கேயே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

"தம்பி, வாடகை ஒப்பந்தம் வேணும். வரி ஆபீஸ்ல கேக்கிறாங்க."

"தேடிப் பாக்கிறேன்க்கா."

"தேட வேணாம். குடியிருக்கிறவர் நம்பரைக் கொடு. நானே பேசிக்கிறேன்."

"அவர் எதுக்குக்கா? நான் பாத்துக்கிறேன்."

"அவர்கிட்ட எவ்வளவுடா வாங்குறே? எனக்கு அனுப்பினது போக உனக்கு எவ்வளவு நிக்குது?" அவள் குரல் உடைந்தது. "கூடப்பிறந்தவ வயித்துல அடிக்கலாமா? உள்ளதைச் சொல்லு."

ஆடிட்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"வீட்ல யாரும் இல்லைக்கா" என்றான் தம்பி.

"எப்பக் காலி பண்ணாங்க?"

"யாரும் குடிவரவே இல்லை. மாமா இறந்த வருஷம் அடைமழை பெஞ்சுதே, அதுல வீடு விழுந்துடுச்சு. இப்ப வெறும் மனைதான் கிடக்கு."

"அப்ப பணம்?"

"மாமா போனப்ப நான் அனுப்பின பணத்தை மறுநாளே திருப்பி அனுப்பிட்டே. உன்கிட்ட கை நீட்ட மாட்டேன்னு சொன்னே. வாடகைன்னா வாங்கிக்குவேன்னு தோணுச்சுக்கா."

ஆடிட்டர் படிவத்தை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"இது வாடகைக் கணக்குல வராதும்மா. கூடப்பிறந்தவங்க சும்மா கொடுக்கிறதுக்கு இங்க வரி கிடையாது. நாலு வருஷமா நீங்க கட்டினதைத் திருப்பிக் கேக்கலாம்" என்றபடி புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். "இதுல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்?"