ஆயிரத்தில் அறுபத்தொன்பது

பழனியாண்டி ஹார்ட் டிஸ்க்கையும் அது வந்த அட்டைப்பெட்டியையும் கவுண்டரின் மேல் அருகருகே வைத்தார்.

“ஒரு டி.பி.ன்னா ஆயிரம் ஜி.பி.ன்னு சொல்லித்தானேம்மா குடுத்தே. கம்ப்யூட்டர்ல போட்டா தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுதான் காட்டுது. மிச்சம் அறுபத்தொன்பது எங்கே போச்சு?”

கம்ப்யூட்டர் கடைக்காரி சுபிதா அவரைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். எட்டு மாதமாக, ஹட் பேயிலிருந்து தீவுக் கப்பல் வரும் நாளெல்லாம் இந்த முகத்தைத்தான் பயத்தோடு எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். லம்பா லைன் பகுதியில் அவள் கடை வைத்த நாளிலிருந்து வேறு எந்த வாடிக்கையாளரையும் அவள் இப்படி நினைத்துக்கொண்டதில்லை.

“நான் ஆயில் பாம் தோட்டத்துல குலை எடை போட்டவன். அங்கே அறுபத்தொன்பது கிலோ குறைஞ்சிருந்தா லுங்கியோட கடல்ல தூக்கிப் போட்டிருப்பானுங்க” என்றார்.

அவர் சிரித்தார். சுபிதாவும் சிரித்து வைத்தாள்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இறந்துபோன மனைவி செல்வம்மாளின் வீடியோக்களில் கடைசிப் பதினொன்று இல்லையாம். மெயின்லேண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் ஒன்றாக அவள் அவருக்காகப் பேசி வைத்தவை. ஆள் திரும்பவில்லை, போன் மட்டும் திரும்பி வந்தது. போன வாரம் நாலாம் வருஷ நினைவு நாளுக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்ததாம்.

“அந்தக் குறையுற அறுபத்தொன்பதுக்குள்ளதான் அதெல்லாம் மாட்டியிருக்கணும். டிஸ்க்குல ஏதோ கட்பட், கோளாறு. அப்படித்தானே?”

சுபிதா பதினொன்று என்ற எண்ணை அவர் சொல்லும் முன்பே அறிந்திருந்தாள்.

எட்டு மாதம் முன்பு அவர் டிஸ்க் வாங்க வந்த அன்றைக்குக் கப்பலுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அதை விட்டால் அடுத்த டிக்கெட் எப்போது கிடைக்குமோ தெரியாது. அவர் வாசலில் நின்று ஆட்டோவையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வம்மாளின் போனில் இருப்பதை டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும், போனையும் காலி செய்ய வேண்டும். முதலில் காப்பி, பிறகு சரிபார்ப்பது, அதன்பின் அழிப்பது என்றால் நேரம் பிடிக்கும். அவள் ‘கட்’ கொடுத்தாள்; மாற மாறப் போனில் தானாகவே அழிந்துகொண்டு வரும்.

முக்கால்வாசி முடிந்தபோது கரண்ட் போனது.

கரண்ட் வந்து பார்த்தபோது பதினொரு வீடியோக்கள் போனிலும் இல்லை, டிஸ்க்கிலும் இல்லை. வாசலிலிருந்து அவர், “ஆச்சாம்மா?” என்றார். “ஆச்சு அங்கிள்” என்றாள் அவள்.

அவ்வளவுதான் நடந்தது.

இப்போது சொல்லிவிடலாம். நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் அவர் கேட்டிருப்பது வேறு கேள்வி. அதற்கு அவளிடம் சுத்தமான, பொய் கலக்காத பதில் ஒன்று இருந்தது. அந்தப் பதிலின் மேல் அவளுக்கு ஓர் ஆசையே வந்துவிட்டது.

“டிஸ்க்குல எதுவும் குறையல அங்கிள். கம்பெனிக்காரன் ஆயிரத்தை ஆயிரமாவே எண்ணுறான். கம்ப்யூட்டருக்கு ஆயிரத்து இருபத்துநாலு சேர்ந்தாத்தான் ஒண்ணு. கே.பி., எம்.பி., ஜி.பி.ன்னு மேலே போகப் போக அந்த வித்தியாசம் ஏறிக்கிட்டே போகும். இடம் ஒண்ணுதான், எண்ணுறதுதான் ரெண்டு விதம்.”

அவர் புருவத்தைச் சுருக்கினார். அவள் இன்னும் உற்சாகமானாள்.

“ஹட் பேக்கு எவ்வளவு தூரம்னு கப்பல்காரங்க அவங்க மைல்ல சொல்வாங்க. நாம கிலோமீட்டர்ல சொல்லுவோம். அவங்க எண்ணிக்கை கம்மியா இருக்கும். அதுக்காகக் கடல் சுருங்கிடுமா?”

அது அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

கடையில் இருந்த வேறொரு புது டிஸ்க்கையும் செருகிக் காட்டினாள். அதிலும் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. எடை போட்டவரல்லவா, இரண்டு திரைகளையும் நிதானமாகப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கள்ளத்தனம் செய்தவளுக்கு இவ்வளவு உண்மை பேச வருமா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

“அப்போ டிஸ்க்கு மேல தப்பில்ல.”

“இல்ல அங்கிள்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

அவர் டிஸ்க்கைப் பெட்டிக்குள் வைத்தார். மூடி சரியாக உட்காரவில்லை. அதை அழுத்திக்கொண்டே இருந்தார்.

“டிஸ்க்குலதான் கோளாறா இருக்கணும்னு மாதாவை வேண்டிக்கிட்டே கப்பல் ஏறினேன்மா” என்றார். “வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். நான் அழிக்கல.”

சுபிதாவுக்கு முதலில் விளங்கவில்லை.

அவர் வெளியே இறங்கினார். மழை பிடித்திருந்தது. எதிர்க்கடை ஓரத்தில் ஒதுங்கி நின்ற ஒரு பெண் குடையை விரித்தபடி ஓடி வந்தாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் தாலிச் சங்கிலி இன்னும் புதுப் பளபளப்போடு கிடந்தது. வீட்டில் இருக்கும் அந்த இரண்டாவது ஆள் யாரென்று சுபிதாவுக்கு இப்போது விளங்கியது.

“என்ன சொன்னாங்க? நான் சொன்ன மாதிரி டிஸ்க்குதானே?” என்று ஆவலாகக் கேட்டாள்.

அவள் எட்டித் தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தாள்.

அவர் அதிலிருந்து விலகி, மழையில் நடந்தார்.

அவள் கையில் விரித்த குடையோடு நின்று, அவர் போவதையும் கடைக்குள்ளிருந்த சுபிதாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சுபிதா குனிந்து, எதையோ தேடுவதுபோல மேஜை இழுப்பறையைத் திறந்தாள்.