சுற்றுவழிச் சவாரி

பனிக்காலத்தின் நடுப்பகுதி, காலை ஏழு மணியைத் தாண்டியிருந்தது. விடிந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் தெருவிளக்குகள் அதை நம்பாமல் எரிந்துகொண்டிருந்தன.

வாடகைக் காரின் பின்னிருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி தையற்காரி, மற்றவள் அவளுடைய நாத்தனார். காரை ஓட்டியவளுக்கு ஐம்பது வயதிருக்கும்.

"பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்க. எட்டு மணிக்குள்ள உள்ள இருக்கணும்," என்றாள் நாத்தனார்.

ஓட்டுநர் கண்ணாடியில் தையற்காரியின் முகத்தைப் பார்த்தாள். "செக்கப்பாம்மா?"

"இல்ல," என்று தையற்காரியே பதில் சொன்னாள். "வேண்டாம்னு முடிவு பண்ணிப் போறேன்."

மரங்கள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வெளியே வந்து, ஏதோ சொல்ல நினைத்து மறந்தவைபோல் மறுபடியும் உள்ளே போயின.

"எனக்கு இது பிடிக்காதும்மா," என்றாள் ஓட்டுநர். "உள்ளே இருக்கறது ஒரு உயிர்னு நம்பறவ நான். மனசுல வச்சுக்கிட்டு ஓட்ட வரல, சொல்லிட்டேன்."

"உங்ககிட்ட யாரு கேட்டா?" நாத்தனார் சீறினாள். "அண்ணிக்கு ஏற்கெனவே ரெண்டு இருக்கு. எங்க அண்ணன் வேலை போய் மோட்டுவளையப் பாத்துப் படுத்திருக்கான். விடிய விடிய மெஷின் மிதிக்கறது யாரு, நீங்களா?"

"நான் இல்ல. அதனாலதான் சொன்னதோட நிறுத்திக்கிட்டேன்."

"நிறுத்திக்கிட்டாங்களாம்!"

ஓட்டுநரின் குரலில் கோபமே இல்லை. நாத்தனாருக்கு அதுதான் மேலும் எரிச்சலூட்டியது.

தையற்காரி இருவர் பேச்சையும் கேட்டதாகத் தெரியவில்லை. கார் சாலையில் போவதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. ஓர் ஆற்றின் அடியில் மெல்ல மிதந்து போவது போலிருந்தது. எட்டு மணியைத் தவறவிட்டால் மருத்துவர் வேறு நாள் கொடுப்பார். சட்டம் அனுமதிக்கும் காலமோ இன்றோடு முடிகிறது. அந்த ஒன்றை மட்டும் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பாலத்தருகே கார் நேராகப் போகாமல் இடப்புறம் திரும்பியது.

"எங்க போறீங்க? ஆஸ்பத்திரி நேர் ரோட்டுல இருக்கு!" என்றாள் நாத்தனார்.

"தெரியும்."

பூட்டிய கிடங்குகளுக்கிடையே கார் ஊர்ந்தது. ஓரிடத்தில் லாரி ஒன்று குறுக்கே நின்று மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஹாரனைத் தொடவில்லை.

"புரியுதா அண்ணி? வேணும்னே இழுத்தடிக்கறாங்க. மணி எட்டு ஆகட்டும்னு பாக்கறாங்க. நிறுத்துங்க வண்டிய! நாங்க நடந்தே போய்க்கறோம்."

"இந்தப் பனியில வழி தெரியாது. உக்காரும்மா."

தையற்காரி முன்னால் குனிந்தாள். "அக்கா, உங்க நம்பிக்கை உங்களோட இருக்கட்டும். எனக்கு இருக்கறது இந்த ஒரு நாள். அதை எடுத்துக்காதீங்க."

"எடுக்கல," என்றாள் ஓட்டுநர்.

லாரி விலகியது. கார் இரண்டு தெருக்களைக் கடந்து, உயரமான மதிலில் இருந்த ஒரு சின்ன இரும்புக் கதவின் முன் நின்றது. எட்டாக இன்னும் நேரமிருந்தது.

"இது ஆஸ்பத்திரியோட பின்வாசல். மருந்து வண்டி வர்ற வழி. மணி அடிச்சா நர்ஸ் திறப்பாங்க," என்றாள் ஓட்டுநர். "முன்வாசல்ல இன்னிக்குக் கூட்டம் நிக்குது. கருவைக் கலைக்க வேண்டாம்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. எட்டு மணி என்ன, ஒன்பதானாலும் விடமாட்டாங்க."

தையற்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஓட்டுநர் இறங்கி மணியை அடிக்க, கதவு திறந்தது. துணைக்கு வந்தவர்கள் வெளியில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, தாதி அவளை மட்டும் அழைத்துக்கொண்டு போனாள்.

நாத்தனாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மன்னிச்சுக்கங்கக்கா. நீங்க தங்கமானவங்க. முன்வாசல்ல வழியை மறிச்சுக்கிட்டு நிக்குதுங்களே, அந்த ஜென்மங்க மாதிரி இல்ல."

ஓட்டுநர் காரின் டிக்கியைத் திறந்து, வெள்ளைச் சால்வை ஒன்றை எடுத்து உதறித் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"வண்டிக்குள்ள இரு, குளிரும். அவங்க வெளியில வந்ததும் போன் பண்ணு. இதே வழியாக் கொண்டுபோய் விடறேன்."

"நீங்க எங்க போறீங்க?"

"முன்வாசலுக்கு. நானும் அந்த ஜென்மங்கள்ல ஒருத்திதான். ஏற்கெனவே நேரமாயிடுச்சு."

நாத்தனார் திகைத்தாள். "அப்புறம் எதுக்கு எங்களை இந்த வழியாக் கூட்டிட்டு வந்தீங்க?"

"நான் அங்க நிக்கறது, யாருக்காவது மனசு மாறாதான்னு. கதவைப் பூட்டச் சொல்லி இல்ல. சட்டம் போட்டுப் பூட்டணும்னு எங்க சங்கத்துல கையெழுத்துக் கேட்டாங்க, நான் போடல. மனசு மாறலன்னா உள்ளே போக ஒரு வழி இருக்கணுமில்ல?"

வெள்ளைச் சால்வை மதிலோரமாக நடந்து, வெள்ளைப் பனிக்குள் கரைந்து போனது.

பிற்பகலில் இருவரையும் வீட்டில் இறக்கிவிட்டபோது அவள் வாடகையை முழுதாகவே வாங்கிக்கொண்டாள். இனாமாக ஓட்டினால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்றாள். காலையில் கூட்டத்துக்குத் தாமதமாக வந்ததற்கு சங்கம் தனக்கு விதித்த அபராதத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டினாள். ஏன் தாமதம் என்று தலைவி கேட்டதற்கு, "சவாரி இருந்தது," என்று மட்டும் சொன்னாள்.