பதினோராவது இஃப்

சிவப்பு.

புரோகிராமை மறுபடி ஓட்டினாள். திரையில் மறுபடியும் சிவப்பு.

புரோகிராமின் ஒரு துண்டுக்குள், ஒரு ஃபங்ஷனுக்குள், 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்கிற 'இஃப்' பத்துக்கு மேல் இருந்தால் சரிபார்க்கும் கருவியே புரோகிராமை வாசலில் நிறுத்திவிடும். ரொம்ப நல்ல விதி என்று மீட்டிங்கில் முதலில் கை தூக்கியவள் அவள்தான்.

இப்போது அவளுடையதில் பதினொன்று.

பெண்கள் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளில் எதை ஆளிடம் இணைப்பது, எதைத் துண்டிப்பது என்று முடிவுசெய்யும் ஃபங்ஷன். பதினோராவது, அவள் சேர்த்தது.

எதிர்முனையில் யாரும் பேசாவிட்டால், துண்டிக்காதே.

டீம் லீட் கிருபாகரன் பின்னால் வந்து நின்றான். அவளுக்குத் தோள் இறுகியது. யார் பின்னால் நின்றாலும் இப்போதெல்லாம் அப்படித்தான்.

"அந்தக் கடைசி இஃப்ப தூக்கிடுங்க. பேசாத காலுக்கெல்லாம் ஆள் வச்சா கட்டுப்படி ஆகுமா? சாயங்காலத்துக்குள்ள ஏத்தணும்."

போய்விட்டான்.

'இதை மட்டும் விட்டுவிடு' என்று ஒரே ஒரு வரி எழுதினால் விதி வாயை மூடிக்கொள்ளும். ஆனால் பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும்.

போன மாதம் ஒருத்தி அந்த எண்ணைக் கூப்பிட்டாள். அதற்குள் அடுப்படி வாசலில் அவன் வந்து நின்றுவிட்டான். அவளால் வாய் திறக்க முடியவில்லை. சில நொடிகளில் இணைப்பு தானாகவே அறுந்தது.

இதை எப்படி எழுதுவது? யார் அந்த ஒருத்தி என்று கேட்பார்களே. பயமாக இருந்தது.

மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. 'எப்ப வர்ற?' கணவன்.

கவிழ்த்து வைத்தாள்.

அந்த இஃப்பை வெட்டினாள். தூக்கிப் போடவில்லை. அதற்கென்று தனியாக ஒரு ஃபங்ஷன் எழுதினாள். எந்த அழைப்பும் முதலில் அதற்குள் போய்விட்டுத்தான் பழைய பத்துக்கு வரும்.

பச்சை.

இனி சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டு வரிசை தள்ளி, டெஸ்டிங் பிரிவு நஸ்ரின் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். இவள் தன் கைப்பேசியில் சோதனை எண்ணை அழுத்தினாள்.

பேசவில்லை.

அறுந்துவிடும் என்றே நினைத்தாள். அறுபடவில்லை.

"பேச முடியலன்னா பரவால்லைங்க. போன்ல ஒரு தடவ தட்டுங்க." அழைப்பை எடுப்பவர் சொல்ல வேண்டியதென்று தாளில் இருந்ததை நஸ்ரின் சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தாள்.

தட்டினாள்.

நஸ்ரின் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். சோதனை பாஸ்.

இவள் வைக்கவில்லை.

மறுபடி தட்டினாள்.

மறுபடியும்.

உயர்ந்த கட்டைவிரல் மெல்ல இறங்கியது. நஸ்ரின் தாளை ஓரமாக வைத்தாள்.

"லைன்லயே இருங்கக்கா," என்றாள். "நான் வைக்க மாட்டேன்."