கோபித்துக்கொண்டு போன பூங்குழலி

பழைய ஜீப்பை அறுத்து வீட்டு வாசலிலேயே காட்டுப்பாதை ரேஸுக்கு வண்டி கட்டிய முருகானந்தம், தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

“என்னாச்சு சாமி?” என்றார் பக்கத்து வீட்டு அருணாசலம்.

“பூங்குழலி கோவிச்சுக்கிட்டு காளப்பநாயக்கன்பட்டிக்கு, அவங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டாளுங்க. நான் வேணுமா, வண்டி வேணுமான்னு கேட்டா. கொஞ்சம் யோசிச்சுட்டேனுங்க.”

“யோசிக்கலாமா? சரி, கோவம் தணிஞ்சா பஸ் ஏறி வந்துரும், உடு.”

“பஸ்ஸுல போகலீங்க. என் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டா.”

“அட, வண்டிக்கா அழுவுற?”

“அதுக்கு இன்னும் பிரேக்கே மாட்டலீங்க!”

காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கும் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை நினைத்ததும் அருணாசலமும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

போன் அடித்தது. பூங்குழலிதான்.

“வந்து சேர்ந்துட்டேன். வைக்கப்போருல உட்டுத்தான் வண்டியை நிறுத்தினேன்.”

முருகானந்தம் விம்மினான்.

“அழுவாதீங்க. வந்து பிரேக்கை மாட்டிட்டு, ரேஸுக்கு எம்பேரைக் குடுங்க.”