புள்ளி நகர்ந்தது

ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது யுவான். லாரி டிரைவர் மெங், குய்ஜென்னுக்குத் தர வேண்டிய பாக்கி. போன மாதம் இரண்டு டயருக்கும் ஒரு டேங்க் டீசலுக்கும் தன் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இப்போது ஆள் போனையே எடுக்க மாட்டேன் என்கிறான்.

"எடுக்க மாட்டான்க்கா," என்றான் எதிர் மேசை கோங், சோள அடையில் வெங்காயத்தாளைச் சுருட்டிக் கடித்தபடி. "கடன் வாங்கினவனுக்குக் காது கேக்காது. டிரைவர் சாதிக்கே உள்ள வியாதி."

லின்யி நகரத்து லாரி புக்கிங் ஆபீஸில் காலை பத்து மணி. எட்டு மேசையிலும் போன்கள் கத்திக்கொண்டிருந்தன. எந்த லோடை எந்த லாரிக்குக் கொடுப்பது, அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் அங்கே எல்லோருக்கும் பிழைப்பு.

குய்ஜென்னின் கண் திரையை விட்டு அசையவில்லை. அதில் ஓடுகிற லாரி பச்சைப் புள்ளி, நிற்கிற லாரி சிவப்புப் புள்ளி. மெங்கின் லாரி விடியற்காலை மூன்று மணியிலிருந்து, தெற்கே ஏதோ ஒரு நெடுஞ்சாலை ஓய்விடத்தில் சிவப்பாகவே கிடந்தது.

அவன் சரக்கு போய்ச் சேர வேண்டிய ஃபோஷானில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிடங்குக் கதவை அடைத்துவிடுவார்கள். அதற்குள் பிளைவுட் இறங்காவிட்டால் இந்த நடைக்கு வாடகை கிடையாது. வாடகை வந்தால்தான் அதில் அவள் தன் பாக்கியைப் பிடித்துக்கொள்ள முடியும். நாளைக் காலை ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டினால்தான் அவள் புருஷனின் முதுகில் கத்தி வைப்பார்கள். இருபது வருஷம் லாரி ஓட்டித் தேய்ந்த முதுகு.

மெங் கெஞ்சத்தான் செய்தான். நேற்று விடிகாலை ஒரு நடை முடித்து வந்து இறங்கியவன், "அக்கா, ஒரே ஒரு பொழுது படுத்து எந்திரிச்சுட்டுக் கிளம்புறேனே," என்றான். "கடன வச்சுக்கிட்டு எப்படிடா உனக்குத் தூக்கம் வருது?" என்று கேட்டு, காலை ஒன்பது மணிக்கே சாவியைக் கையில் திணித்து ஏற்றிவிட்டாள்.

விடிந்ததிலிருந்து அறுபது தடவை அடித்தாகிவிட்டது. குரல் செய்தியும் போட்டுப் பார்த்தாள். "மெங், விளையாடாத. உன்னைப் பாவம்னு பாத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். அங்க நீ நீட்டிப் படுத்திருக்க, இங்க என் பொழப்பு நாறுது."

"விடுங்கக்கா, தூங்கிட்டு வரட்டும்," என்றான் கோங்.

"தூங்குறவன எழுப்பலாம்டா. தூங்குற மாதிரி நடிக்கிறவன எழுப்ப முடியுமா?"

ஃபோஷான் கிடங்கிலிருந்து போன் வந்தது. "சரக்கு வருதா வரலையா? வராதுன்னா இப்பவே சொல்லிருங்க. வேற இடத்துல வாங்கிக்கிறோம்."

"பாதி தூரத்துக்கு மேல வந்துருச்சுங்க," என்றாள். அதுவரைக்கும் பொய்யில்லை.

பத்தே முக்காலுக்குப் புள்ளி பச்சையானது. மெல்ல ஓய்விடத்தை விட்டு நகர்ந்து சாலையில் ஏறியது.

"ஓடுது! கோங், ஓடுதுடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் எட்டு மேசையும் திரும்பியது.

கோங் எட்டிப் பார்த்தான். "புள்ளி ஓடுது, சரி. டிரைவர் பேரு விழலையேக்கா?"

லாரியில் உள்ள பெட்டிக்குள் டிரைவர் தன் அட்டையைச் செருகினால்தான் திரையில் பெயர் விழும். நாலு மணி நேரம் விடாமல் ஓட்டினால் பெட்டி கத்தும், அபராதம் வரும். அதனால் அட்டையை உருவிக்கொண்டு ஓட்டுவது டிரைவர்கள் பழக்கம். அதைக் கண்டும் காணாமல் இருப்பது புக்கிங்காரர்கள் பழக்கம்.

"அட்டைய உருவியிருப்பான். உருவிட்டு மிதின்னு சொன்னவளே நான்தானே," என்று சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

கிடங்குக்கு அடித்து, "ஆறு மணிக்குள்ள வந்துரும், கதவ மட்டும் அடைச்சிராதீங்க," என்றாள். புருஷனுக்கு அடித்து, "நாளைக்குப் பணம் கட்டிரலாம். மாத்து உடுப்பு எடுத்து வச்சுக்கோ," என்றாள்.

அப்புறம் மனசு கேட்காமல் மறுபடியும் மெங்குக்கு அடித்தாள். திட்டினதற்குப் பரிகாரமாக இரண்டு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று நினைப்பு. முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"ஏண்டா, இப்பத்தான் காது தொறந்துச்சா?"

"யாருங்க பேசுறது?" வேறு குரல்.

"நீங்க யாரு? மாத்து டிரைவரா? மெங்கைக் கூப்பிடுங்க."

"நான் இழுவை வண்டிக்காரன்மா. உங்க லாரியத்தான் கட்டி இழுத்துட்டுப் போறேன். கண்ணாடிய ஒடச்சுத்தான் அவர எறக்குனாங்க. ஸ்டியரிங்க பிடிச்சு உக்காந்த வாக்குலயே உயிர் போயிருக்கு."

திரையில் புள்ளி பச்சையாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தது.

"லைன்ல இருக்கீங்களாம்மா? பக்கத்துல போலீஸ்காரர் கேக்கச் சொல்றார். இந்த போன்ல உங்க அழைப்பு மட்டும் அறுபத்தொண்ணு இருக்காம். நீங்க அவருக்குச் சொந்தமா, இல்ல கடன் கிடன் ஏதாவது பாக்கியா?"

கோங் அடையைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். குய்ஜென் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"கடன் ஒண்ணும் இல்லீங்க."